ஜன்னலை மாற்றுமுன் அட்டிக்கில் ஏறிப் பாருங்கள்

மறுபடியும் அதே நிலை. கடன் வாங்கிப் பத்து ஜன்னல்களையும் மாற்றிய வீடு. குளிர்காலக் கேஸ் பில் இறங்கவே இல்லை. அரசு இலவசமாகச் செய்துதரும் வேலைக்கோ யாரும் விண்ணப்பிக்கவில்லை.

அமெரிக்காவில் 1976இல் சட்டமான வெதரைசேஷன் உதவித் திட்டத்தை, அதாவது வீட்டின் சூடு வீணாகாமல் அடைத்துத்தரும் திட்டத்தைச் சொல்கிறேன். குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 200 சதவீதத்துக்குள் இருந்தால் தகுதி உண்டு. வாடகை வீடும் சேரும். உரிமையாளர் சம்மதம் வேண்டும்.

வீட்டில் சூடு எங்கே வீணாகிறது என்று சோதிக்கும் எரிசக்தி ஆடிட்டர் வந்தால் புது ஜன்னல் கிடைக்கும் என்றே எல்லோரும் காத்திருக்கிறார்கள். ஜன்னலோரம் சில்லென்று இருப்பது உண்மைதான்; கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. ஆனால் பழைய வீடுகளில் பெரிய இழப்பு தலைக்கு மேலே நடக்கிறது. சூடான காற்று ஏறி, கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்கின் தரை ஓட்டைகளில் வெளியேறும். அந்த இடத்தை நிரப்ப, கீழே அடித்தள விரிசல்களில் குளிர்காற்று நுழையும். வாசலில் புளோவர் டோர் என்ற பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக்குள் அழுத்தத்தை 50 பாஸ்கல் குறைத்தால் எங்கே ஊதுகிறதென்று கைக்கே தெரியும்: குழாய்கள் ஏறும் பொந்து, புகைபோக்கியைச் சுற்றிய இடைவெளி, அட்டிக் மூடி. இவற்றை அடைத்த பிறகே சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷனாகச் செல்லுலோஸ் என்ற காகித நாரை ஊத வேண்டும். அடைக்காமல் கண்ணாடியிழையைப் பரப்பினால் அது காற்றை வடிகட்டும், நிறுத்தாது. பழைய இன்சுலேஷனில் கரும் திட்டு இருந்தால் அதன் கீழே ஓட்டை இருக்கிறது. புகைபோக்கியைச் சுற்றி ஃபோம் கூடவே கூடாது. தகடும் உயர்வெப்ப சீலன்டும்தான்.

போட்ட காசை அந்த வேலை தன் ஆயுளுக்குள் மீட்டுத்தர வேண்டும் என்பது திட்டத்தின் கணக்கு. ஜன்னல் பெரும்பாலும் அதில் தேறாது. தயவுசெய்து ஆடிட்டரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

வீட்டை இறுக்கினால் கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகை உள்ளே திரும்பக்கூடும். எல்லா எக்சாஸ்ட் ஃபேன்களையும் டிரையரையும் ஓடவிட்டு அதைச் சோதிக்காமல் பணியாளர்களைக் கிளம்ப விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

வேலையை இப்போதைக்குத் தள்ளிவைக்கும் ஒத்திவைப்புக் கடிதம் வந்தால் நிராகரிப்பு என்று நினைத்துக் கிழித்துப் போடுகிறார்கள். அது நிராகரிப்பு அல்ல! கூரை ஒழுகல், பூஞ்சை, பீங்கான் குமிழ்களில் ஓடும் பழைய வயரிங், இவற்றைச் சரிசெய்தால் வேலை தொடரும். பழுதுபார்க்க நிதி உண்டா என்று அதே அலுவலகத்தில் கேளுங்கள். அட்டிக்கில் மினுமினுக்கும் சரளை போன்ற வெர்மிக்யுலைட் என்ற பழைய இன்சுலேஷன் இருந்தால் கிளறாதீர்கள், அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம்.

விண்ணப்பிக்க வேண்டியது மாநிலம் நியமித்த உள்ளூர் அமைப்பில். வருமானச் சான்று, கேஸ் மற்றும் மின் பில்கள், வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம் எடுத்துவையுங்கள். முதியவர், மாற்றுத்திறனாளி, குழந்தைகள் இருந்தால் மறக்காமல் எழுதுங்கள், முன்னுரிமை உண்டு. வாசலில் வந்து முன்பணம் கேட்பவருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். வரிசை நீளமானது, கோடையிலேயே விண்ணப்பியுங்கள்.