நிக்சி டியூப் அணைந்த பிறகும் கருவிக்குள் நூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும்

ஸ்விட்ச் போர்டில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்டரை வைப்போம். கைப்பிடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துளி வெளிச்சம் மினுங்கும். அது நியான் வாயு. அதே வாயுவைப் பெரிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, 0 முதல் 9 வரையான எண்களை மெல்லிய உலோகத்தில் செய்து ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நிறுத்தினால் அதுதான் நிக்சி டியூப். எந்த எண்ணுக்கு இணைப்புக் கொடுக்கிறோமோ அதைச் சுற்றி மட்டும் ஒளி படரும். 1955-ல் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. எல்.இ.டி. வந்ததும் வழக்கொழிந்து போனது. இப்போது பழைய சோவியத் சரக்கு தபாலில் வருகிறது. நம் பிள்ளைகளும் ஆசையாக வாங்குகிறார்கள். எனக்கும் அந்த வெளிச்சத்தின் மேல் ஆசை உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரிகளில் ப்ராஜெக்ட் நேரம் வந்தால் பையோடு மாணவர்கள் வருவார்கள். அப்படி வந்த ஒரு தம்பி, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கெய்கர் கவுண்டரை மேசையில் வைத்தார். கதிர்வீச்சை எண்ணும் கருவி. மூன்று நிக்சி டியூப், ஒரு லித்தியம் செல், எல்லாம் ஒரு அலுமினியப் பெட்டிக்குள்.

“அண்ணாச்சி, ஒரு நம்பர் மட்டும் எரிய மாட்டேங்கு. என்னன்னு பாருங்க.”

“அது கிடக்கட்டும். ஷாக் அடிச்சுதாடே?”

“ரெண்டு தடவை அடிச்சிட்டு. பேட்டரிதானே, ஒண்ணும் செய்யாதுன்னு விட்டுட்டேன்.”

அந்த ‘பேட்டரிதானே’ என்ற நினைப்புதான் ஆபத்து. கொசு பேட்டும் பேட்டரியில்தான் ஓடுகிறது. அதன் வலையில் விரலை வைக்க யாரும் துணிவதில்லை. உள்ளே இருக்கும் சின்ன செல்லின் வோல்ட்டேஜை ஒரு சர்க்யூட் பல நூறு மடங்கு தூக்கிவிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நிக்சி டியூப்பும் அப்படித்தான். எரியத் தொடங்க ஏறக்குறைய 170 வோல்ட் வேண்டும். எரிய ஆரம்பித்த பின் 140-க்குப் பக்கத்தில் நிற்கும். செல் கொடுப்பதோ 3.7 வோல்ட். அதை 46 மடங்கு ஏற்றினால்தான் டியூப் கண் திறக்கும். அவ்வளவையும் வியர்த்த உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு, அதுவும் உலோகப் பெட்டியில் வைத்து நடக்கிறோம். வீட்டுக் கரண்ட் போல இது விடாமல் பாயாது என்பது உண்மை. ஆனால் வோல்ட்டேஜை நிலையாக வைக்க மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெபாசிட்டர் போட்டிருக்கிறோமே, அது தன்னிடம் உள்ளதை ஒரே நொடியில் கொட்டிவிடும்.

இந்த விஷயத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நிக்சி கடிகாரம் ஒன்றை அணைத்துவிட்டு, எண்கள் எல்லாம் இருண்டதைப் பார்த்த பிறகே திறந்தேன். அப்படியும் அடித்தது. கை உதறியதில் ஒரு டியூப் தரையில் விழுந்து உடைந்தது. உட்கார்ந்து யோசித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. கெபாசிட்டர் வடிந்துகொண்டே வரும்போது, டியூப்பை எரிய வைக்கும் அளவுக்குக் கீழே போனதும் டியூப் அணைந்துவிடுகிறது. அணைந்த டியூப் அதற்கு மேல் மின்சாரம் இழுக்காது. ஆக, மிச்சம் நூறு வோல்ட்டுக்கு மேல் கெபாசிட்டரிலேயே தங்கிவிடுகிறது. இருட்டைப் பார்த்துக் கையை விட்டால் மாட்டிக்கொள்வோம்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு ஆகாது. மிச்சத்தை வடிய வைக்க ஒரு வழி கொடுத்தால் போதும். கெபாசிட்டரின் இரண்டு காலுக்கும் குறுக்கே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வரிசையாகச் சேர்த்துப் பற்றவைத்துவிடுங்கள். 10 மைக்ரோபாரட் கெபாசிட்டர் என்றால் அணைத்த 17 நொடியில் 30 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஒன்று போதுமே, ஏன் இரண்டு என்று கேட்பார்கள். போர்டில் ஒட்டும் 0805 அளவு ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் 150 வோல்ட் வரைக்குமானவை. தனியாக ஒன்று போட்டால் அதுவே நாளடைவில் கெட்டு, காப்பாற்ற வேண்டிய நேரத்தில் கைவிட்டுவிடும். ரெசிஸ்டர் போட்ட பிறகும் திறந்ததும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விரல் போக வேண்டும். ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு மறு கையால் வேலை செய்கிற பழைய பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

தம்பியின் பெட்டியில் இந்த ரெசிஸ்டர் இல்லை. அதோடு இன்னொரு காரியமும் செய்திருந்தார். கதிர்வீச்சை உணரும் கெய்கர் டியூப்புக்கு 400 வோல்ட் வேண்டும் என்பதால் ஒரு கொசு பேட்டைப் பிரித்து அதன் போர்டை வைத்திருந்தார். அதிலிருந்தே நிக்சிக்கும் வயர் இழுக்கப் பார்த்து, முடியாமல் போகவே தனி போர்டு வாங்கியிருக்கிறார். முடியாமல் போனது நல்லதுக்குத்தான். கெய்கர் டியூப் 400 வோல்ட் கேட்டாலும் மின்னோட்டம் ஏதோ தூசி அளவுதான் எடுக்கும். நிக்சியோ ஒரு டியூப்புக்கே 2.5 மில்லி ஆம்பியர் கேட்கும். இரண்டுக்கும் ஒரே சப்ளை ஒத்துவராது. சரியாகச் செய்த கெய்கர் சப்ளையின் 400 வோல்ட் ஊசி குத்தின மாதிரி சுருக்கென்று விட்டுவிடும். நிக்சியின் 170 வோல்ட்தான் கையை உதற வைக்கும். ஆனால் கொசு பேட் போர்டில் வோல்ட்டேஜுக்குக் கட்டுப்பாடே கிடையாது, அதை நம்ப வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரை அந்த 400 வோல்ட்டில் நேரடியாக வைத்தால் மீட்டர் இழுக்கும் சிறு மின்னோட்டத்திலேயே சப்ளை படுத்துவிடும், குறைவாகக் காட்டும். குறைகிறதே என்று வோல்ட்டேஜைக் கூட்டும் திருகை ஏற்றுவார்கள். கெய்கர் டியூப் போய்விடும்.

எனக்கு ரொம்பக் கவலையாக இருந்தது வேறு ஒன்று. டிஸ்பிளே எரியும்போது எண்ணிக்கை கூடியது. பெட்டியை மேசையில் வைத்து டிஸ்பிளேயை அணைத்து எண்ண வைத்தேன்: நிமிடத்துக்கு 24. டிஸ்பிளேயை எரியவிட்டு எண்ணினால் 70-ஐத் தாண்டியது. மேசையும் மாறவில்லை, சுவரும் மாறவில்லை. வோல்ட்டேஜ் ஏற்றும் சர்க்யூட்டின் மின் இரைச்சலைக் கருவி கதிர்வீச்சு என்று எண்ணிக்கொண்டிருந்தது. வேறு ஊரில் இது ஒரு ப்ராஜெக்ட் தவறு, அவ்வளவுதான். நம் மாவட்டத்தில் கூடங்குளம் இருக்கிறது. தெற்குக் கடற்கரை மணலில் கதிர்வீச்சு உள்ள தோரியம் கலந்த மோனசைட் என்ற தாது இயற்கையாகவே உண்டு. யாரோ ஒரு பையன் கடற்கரையில் நின்று ‘எழுபது காட்டுது’ என்று போனில் படம் எடுத்துப் போட்டால், அந்த ஊர் அம்மாமார் எத்தனை பேர் ராத்திரி தூங்காமல் கிடப்பார்கள்? அளவு சரிபார்க்காத கருவியின் எண்ணை வெளியே சொல்லக் கூடாது என்று அந்தத் தம்பியிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

இந்த இரைச்சல், செல் சீக்கிரம் தீர்ந்துபோவது என்ற இரண்டு சிக்கலுக்கும் ஒரே வழி இருந்தது: டிஸ்பிளேயை எப்போதும் எரியவிடாதே. மூன்று டியூப்பும் எரிந்தால் செல்லிலிருந்து அரை ஆம்பியருக்குப் பக்கமாக இழுக்கும். 2500 மில்லி ஆம்பியர் மணி செல் ஐந்து மணி நேரம் தாங்கினாலே பெரிது. ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் கையில் கட்டிய நிக்சி கைக்கடிகாரம்கூட மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கும்போது மட்டும்தான் எரியும். அதுபோல, எண்ணி முடித்த பிறகு பட்டனை அழுத்தினால் ஐந்து நொடி காட்டட்டும். எண்ணும் நேரத்தில் 170 வோல்ட் சப்ளையே ஓய்ந்து கிடக்கும், இரைச்சலும் இருக்காது. எப்போதும் தெரிந்தால்தான் ஆகும் என்பவர்கள் பச்சையாக ஒளிரும் வி.எஃப்.டி. டிஸ்பிளேக்குப் போகலாம். சில பத்து வோல்ட் போதும். 1970-ல் பேட்டரியில் ஓடிய ஷார்ப் கால்குலேட்டரில் இருந்தது அதுதான்.

அப்புறம் செல். 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்து வரும் 18650 அளவு லித்தியம் செல்லை வாங்காதீர்கள். அந்த அளவில் நல்ல செல்லே 3500-ஐச் சுற்றித்தான் வரும். பாதுகாப்பு சர்க்யூட் உள்ள சார்ஜ் போர்டு வையுங்கள், செல்லின் மேல் நேரடியாக ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள். பல டியூப்களில் சிறிது பாதரசம் உண்டு. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, துண்டுகளைக் கெட்டி அட்டையால் அள்ளி மூடியுள்ள டப்பாவில் போட்டு மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் வேண்டாம்.

அலுமினியப் பெட்டியைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றி, முன்னால் அக்ரிலிக் தகடு வைத்து, இரண்டு வாரம் கழித்து அந்தத் தம்பி திரும்ப வந்தார். எரியாத அந்த எண்ணுக்குக் காரணம் கால் ஒன்றில் சரியாகப் பிடிக்காத ஈயம்தான். பட்டனை அழுத்தினார். 23 என்று ஆரஞ்சில் வந்து ஐந்து நொடியில் மறைந்தது. திறந்து காட்டச் சொன்னேன். ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து மேசையில் வைத்தார்.