டெசிபல் குறைந்தும் காது ஏன் முணுமுணுக்கிறது?

பெட்ரோல் காரில் நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், வினாடிக்கு 100 முறை எரிபொருள் வெடிக்கிறது. அந்தத் தாழ்ந்த முழக்கம் ஒரு போர்வை மாதிரி மற்ற சத்தங்களை மூடிவிடும். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் இன்ஜின் அவ்வப்போது அணைந்துவிடுகிறது. போர்வை விலகியதும் டயர், காற்று, பல்சக்கரம் எல்லாம் கேட்கத் தொடங்கும். மோட்டாரின் கீச்சொலியும் சேர்ந்துகொள்ளும். கம்பி சுற்ற 48 பள்ளங்கள் கொண்ட மோட்டார் அதே 3000 சுற்றில் 2400 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 2400 முறை அதிரும் ஒலியை எழுப்பலாம். மனிதக் காது கூர்மையாகக் கேட்பது கிட்டத்தட்ட 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையில்தான். அளவில் சிறியது, ஆனால் கொசு மாதிரி தப்பாமல் காதில் விழும்.

ஆகவே ஒலியின் அளவைக் காட்டும் டெசிபல் மீட்டரை மட்டும் நம்ப முடியாது. ஒலி காதுக்கு எவ்வளவு உரப்பாகத் தெரிகிறது என்பதை சோன் என்ற அலகிலும், கூர்மையை அக்யூமிலும், கரகரப்பை ஆஸ்பரிலும் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். காதுகளில் மைக் பொருத்திய பொம்மைத் தலையை இருக்கையில் வைத்துப் பதிவெடுப்பார்கள். பிறகு, ஆட்களை உட்காரவைத்து இரண்டிரண்டு ஒலிகளாகப் போட்டு, எது பரவாயில்லை என்று கேட்பார்கள்.

கார் தயாராவதற்கு முன்பே இதையெல்லாம் கேட்க வேண்டுமென்றால்? மோட்டாருக்குள் காந்தவிசை எப்படித் துடிக்கிறது, அது மோட்டாரின் கூட்டை எப்படி அதிரவைக்கிறது, அந்த அதிர்வு எந்த வழியாக ஓட்டுநரின் காதுக்கு வருகிறது என்று கணினியில் படிப்படியாகக் கணக்கிட்டு, ஒலியாக மாற்றி ஹெட்ஃபோனில் ஓடவிடுகிறார்கள். ஸ்டியரிங்கும் ஆக்சிலரேட்டரும் உள்ள சிமுலேட்டரும் உண்டு. இதுதான் முக்கியம் என்பேன். ஏனென்றால் ஹைபிரிட்டின் பெரிய சிக்கல் ஒலியில் மட்டும் இல்லை, காலுக்கும் காதுக்கும் உள்ள உறவில் இருக்கிறது. பிரியஸில் இன்ஜினையும் மோட்டார்களையும் சக்கரங்களோடு இணைக்க கோள் பல்சக்கர அமைப்பு (நடுச்சக்கரத்தைச் சுற்றிக் கோள்கள் மாதிரி சிறு பல்சக்கரங்கள்) இருப்பதால், இன்ஜினின் சுற்றுவேகம் காரின் வேகத்தோடு ஒட்டி நடப்பதில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள்: இன்ஜின் சட்டென்று உச்சத்துக்குப் போய் அங்கேயே அலறும், கார் சாவகாசமாக வேகமெடுக்கும். பதிவை மட்டும் கேட்டால் இது அவ்வளவாக உறுத்தாது. பெடலை மிதித்தபடி கேட்டால் என்னவோ கோளாறு என்று தோன்றும். சிமுலேட்டரில் இன்ஜின் வேகம் ஏறும் விதத்தை மாற்றி மாற்றிப் போட்டு, எது இயல்பாகப் படுகிறது என்று பார்க்கலாம். எரிபொருள் சிக்கனத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கலாம், அது வேறு கணக்கு.

இன்ஜின் மறுபடி உயிர்பெறும் கணம் இன்னொரு தலைவலி. பிரியஸில் மின்மோட்டார் முதலில் இன்ஜினை விறுவிறுவென்று சுழற்றிவிடும், அப்புறம்தான் அது எரிபொருளை எரிக்கத் தொடங்கும். அதனால் குலுக்கல் குறைகிறது. மொத்தச் சங்கதியும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். பயணம் முழுவதற்கும் சராசரி எடுத்தால் இந்தச் சத்தம் கணக்கிலேயே வராது. ஆகவே அந்த ஒரு வினாடியைத் தனியாக வெட்டியெடுத்து ஆட்களிடம் போட்டுக் காட்டுகிறார்கள்.