அப்பாவின் படத்தில் இருப்பவர் யார்?

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தவற்றைச் செப்பனிடுவது என் தொழில். ஒருமுறை ஒரு குடும்பக் குறிப்பில் “அப்பாவின் படம்” என்று வந்தது. மொழிபெயர்த்தவர் “மை ஃபாதர்’ஸ் பிக்சர்” என்று எழுதியிருந்தார். பிழை எதுவும் இல்லை. ஆனால் படத்தில் இருப்பவர் அப்பாவா, அதை வரைந்தவர் அப்பாவா, அல்லது வெறுமனே அது அவர் வைத்திருந்த படமா? எழுதியவரையே கேட்டேன். படத்தில் இருந்தவர் தாத்தாவாம். அப்பா சேர்த்து வைத்திருந்த படங்களுள் அது ஒன்றாம்.

இந்த வேறுபாட்டைக் காட்ட ஆங்கிலத்தில் வழி உண்டு. “எ பிக்சர் ஆஃப் மை ஃபாதர்” என்றால் படத்தில் இருப்பவர் அப்பா. “எ பிக்சர் ஆஃப் மை ஃபாதர்’ஸ்” என்றால் அப்பாவிடம் உள்ள படங்களுள் ஒன்று. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ‘எஸ்’ஸைப் பிழையென்று அடித்துவிடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். “எ ஃபிரெண்ட் ஆஃப் மைன்” என்று தயங்காமல் எழுதுபவர்களும் அவர்களே! இரண்டும் ஒரே அமைப்புதான்.

உடைமையைச் சொல்ல, உயிருள்ளவற்றுக்கு அபாஸ்ட்ரஃபி (’ஸ் என்பதில் வரும் மேற்குறி), உயிரற்றவற்றுக்கு ‘ஆஃப்’ என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதி உண்மை. “டுடே’ஸ் நியூஸ்பேப்பர்”, “தி கம்பெனி’ஸ் பிராஃபிட்” எல்லாம் இயல்பான ஆங்கிலம். நாளுக்கும் நிறுவனத்துக்கும் உயிர் ஏது? மறுபுறம், “நேற்று வந்து சண்டை போட்டவரின் மகள்” என்பது போல உடையவரைச் சொல்லவே நான்கைந்து சொல் வேண்டுமென்றால், அவர் மனிதரே ஆனாலும் ‘ஆஃப்’தான் எளிது.

மூன்றாவது வழி ஒன்று இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேசையின் காலை “மேசைக்கால்” என்கிறோம். உருபு மறைந்து தொகையாகிவிட்டது. ஆங்கிலமும் “டேபிள் லெக்” என்று இரண்டு சொல்லை அருகருகே வைத்துவிடும். “டேபிள்’ஸ் லெக்” என்பது காதுக்கு உறுத்தல். தமிழில் தொகையாக வந்தால் ஆங்கிலத்திலும் தொகையாக்க முடியுமா என்று முதலில் பார்ப்பது என் வழக்கம். எப்போதும் முடியாது. “மரநிழல்” ஆங்கிலத்தில் “தி ஷேட் ஆஃப் தி ட்ரீ” என்றே நிற்கும்.

நம் இலக்கணம் உடைமையைக் காட்டும் ஆறாம் வேற்றுமையைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று பிரிக்கிறது. சாத்தனது கை அவனை விட்டுப் பிரியாதது; சாத்தனது வீடு பிரியக்கூடியது. ஆங்கில அபாஸ்ட்ரஃபி இந்தப் பிரிவைக் கண்டுகொள்வதில்லை. ‘பிலாங்’ என்ற வினைச்சொல்லோ கண்டுகொள்கிறது. வீடு ஒருவருக்கு ‘பிலாங்’ ஆகலாம். கையை அப்படிச் சொன்னால், துண்டாகக் கிடந்த கை யாருடையது என்று துப்பறிவது போல இருக்கும்.

“ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்” என்ற பிழை பற்றியும் ஒரு வார்த்தை. “எனக்கு இரண்டு தம்பிகள்” என்பதில் வினையே இல்லை. அங்கே “ஐ ஹேவ்” போதும்.

மிகவும் எச்சரிக்கை வேண்டிய இடம் சொத்து ஆவணம். “ராணி அண்ட் ரவி’ஸ் ஹவுசஸ்” என்றால் வீடுகள் இருவருக்கும் பொது. “ராணி’ஸ் அண்ட் ரவி’ஸ் ஹவுசஸ்” என்றால் அவரவர் வீடு அவரவருக்கு. ஒரு குறியை நம்பி இவ்வளவு பெரிய விஷயத்தை விடுவதில்லை நான். எந்த வீடு யாருக்கு என்று தனி வாக்கியமாகவே எழுதிவிடுகிறேன்.