மாத்திரை இருக்கிறது, வைக்க இடமில்லை

சிகாகோவில் இளைஞர்களுக்கான ஒரு கிளினிக்கில் மருந்தாளுநராக இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பிள்ளைகள் அல்லது லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கைகள், திருநம்பிகள். பலருக்கு நிலையான வீடு கிடையாது. எச்.ஐ.வி. மருந்தையோ, எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்தையோ கொடுக்கும்போது, பக்க விளைவுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் கேட்பது இதைத்தான்: "இதை ராத்திரி எங்கே வைப்பாய்?"

மருந்தியல் படிப்பில் யாரும் சொல்லித் தராத கேள்வி. பதில்களும் அப்படித்தான். விடுதியில் படுத்தால் தலைமாட்டில் வைத்த பை காலையில் இருக்காது. நண்பன் வீட்டுச் சோபாவில் படுத்தால் அந்த வீட்டார் டப்பாவில் இருக்கும் பெயரை போனில் தேடிப் பார்த்துவிடுவார்கள், அடுத்த நாள் அந்தச் சோபாவும் இல்லை. எச்.ஐ.வி.யே இல்லாதவர் தடுப்பு மாத்திரை வைத்திருந்தாலும் இதே கதைதான், பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. சிகாகோவில் ரெட் லைன் ரயில் இரவு முழுக்க ஓடும். பனிக்காலத்தில் வடக்குக் கோடியில் ஹோவர்டில் ஏறி, தெற்கே 95-ஆம் தெரு வரை போய், மறுபடி வடக்கே வந்து, இப்படியே பொழுது விடியும் வரை தூங்குகிறவர்கள் உண்டு. அங்கே மாத்திரை டப்பாவின் கலகல சத்தமே ஆபத்து, ஏதோ போதை மாத்திரை என்று நினைத்துப் பையை உருவிவிடுவார்கள். அதனால் டப்பாவுக்குள் பஞ்சு அடைத்துக் கொடுக்கிறோம், சின்னப் பொட்டலமாகப் பிரித்துக் கொடுக்கிறோம். திருடு போய்விட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி "முப்பது நாள் ஆகவில்லையே" என்று மறுக்கும். அவர்களிடம் போனில் மல்லுக்கட்டுவதுதான் என் வேலையில் பாதி.

இது நாலைந்து பேரின் கதை என்று நினைக்க வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் ஆய்வு மையம் 2017-ல் வெளியிட்ட தேசிய அளவிலான ஆய்வின்படி, அமெரிக்காவில் 18 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களில் பத்தில் ஒருவர், ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு விதத்தில் வீடில்லாமல் இருந்திருக்கிறார். ஏறத்தாழ 35 லட்சம் பேர். பால்புதுமை இளைஞர்களுக்கு, அதாவது தன்பாலீர்ப்பாளர்கள், திருநர் போன்றவர்களுக்கு, அந்த ஆபத்து மற்றவர்களைவிட 2.2 மடங்கு, கறுப்பின இளைஞர்களுக்கு 83 சதவீதம் அதிகம். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வருடா வருடம் ஜனவரியில் ஒரு இரவு அரசு எடுக்கும் கணக்கெடுப்பில் இவர்களில் பலர் விழவே மாட்டார்கள். அது விடுதியிலும் தெருவிலும் படுத்திருப்பவர்களைத்தான் எண்ணும். இன்று ஒருத்தர் வீடு, நாளை இன்னொருத்தர் வீடு என்று அலைகிறவர் அதில் வரமாட்டார்.

சரி, எச்.ஐ.வி.க்கு வருவோம். 2016-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு கணிப்பை வெளியிட்டது. அன்றைய நிலவரம் அப்படியே நீடித்தால், தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ள கறுப்பின ஆண்களில் இருவரில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்.ஐ.வி. தொற்று உறுதியாகும். அதே ஈர்ப்புள்ள லத்தீன் அமெரிக்க ஆண்களில் நால்வரில் ஒருவருக்கு, வெள்ளை ஆண்களில் பதினொருவரில் ஒருவருக்கு.

நம் தமிழ் நண்பர்கள் கூடும் இடத்தில் இந்தக் கணக்கைச் சொன்னால் கிடைக்கும் பதில் எனக்கு மனப்பாடம். "ஒழுங்கா இருந்தா ஏன் வரப்போகுது?" படித்தவர்கள்தான் சொல்கிறார்கள். கோபம் வரும், ஆனால் கோபப்பட்டுப் பயனில்லை, ஏனென்றால் ஆய்வாளர்களுக்கும் ஒரு காலத்தில் இந்தச் சந்தேகம் இருந்தது. அதைத் தேடிப் பார்த்தும் விட்டார்கள். கிரெகரி மில்லெட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000-களில் இருந்து பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அலசினார்கள். தன்பாலீர்ப்புள்ள கறுப்பின ஆண்கள் வெள்ளையர்களைவிட அதிக ஆபத்தான உறவுகளில் ஈடுபடுவதில்லை, சில விஷயங்களில் குறைவாகவே ஈடுபடுகிறார்கள் என்று தெரிந்தது. இருந்தும் தொற்று பல மடங்கு. எங்கள் ஊரிலேயே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பிரையன் மஸ்டான்ஸ்கி குழு, ஆண்களோடு உறவு கொள்ளும், 16 முதல் 29 வயது வரையான இளைஞர்கள் 1,015 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2019-ல் வந்தது. கறுப்பினத்தவரில் 32 சதவீதத்தினருக்கு எச்.ஐ.வி., லத்தீன் அமெரிக்கர்களில் 7, வெள்ளையர்களில் 2. ஆபத்தான நடத்தை குறைவாக இருந்ததும், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அதிக முறை போயிருந்ததும் அந்த 32 சதவீதம் இருந்த கூட்டத்தில்தான்.

அப்புறம் எப்படி? கணக்கு எளிது. ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே துணை தேட வேண்டிய நிலை, அந்த வட்டத்தில் ஏற்கெனவே தொற்று அதிகம், தொற்றுள்ளவர்களில் பலர் சிகிச்சையில் இல்லாததால் உடலில் வைரஸ் அளவு குறையவில்லை. அந்த வட்டத்துக்குள் ஒரே ஒரு உறவுகூட, வேறு வட்டத்தில் பத்து உறவு வைத்திருப்பவரைவிட ஆபத்தாகிவிடலாம். வட்டம் ஏன் சின்னது? இந்த நகரம் நிறத்தின்படி எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்று தெற்குப் பகுதிக்கும் வடக்குப் பகுதிக்கும் ஒருமுறை போய்வந்தாலே புரியும். சிகிச்சையில் ஏன் இல்லை? இன்சூரன்ஸ் இல்லை, அடையாள அட்டை தொலைந்துவிட்டது, கடிதம் வர முகவரி இல்லை.

வீடில்லாமை இதில் இன்னொரு வழியாகவும் நுழைகிறது. படுக்க இடம் தருகிறவர் பதிலுக்கு உடலைக் கேட்பார். வெளியே கழித்தல் 15 டிகிரி என்றால் யார்தான் மறுக்க முடியும்? ஆணுறை போடச் சொல்லிப் பேரம் பேசும் இடத்தில் அவர்கள் இருப்பதில்லை. நியூயார்க்கில் இப்படி வாழ்ந்த 283 இளைஞர்களைப் பேட்டி எடுத்து அர்பன் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் 2015-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லாதவர்கள். இது தெரியாமல் ஒரு டாக்டர் "பாதுகாப்பா இருக்கணும்" என்று அறிவுரை சொன்னால், அந்தப் பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான்.

ஆக, மருந்தா கூரையா என்றால் நான் கூரையைத்தான் முதலில் எழுதுவேன். மருந்துக்காரன் இப்படிச் சொல்வது விசித்திரமாகத் தெரியலாம், ஆனால் சான்று இருக்கிறது. சிகாகோவில் மருத்துவமனையிலிருந்து வெளியேறிய, வீடில்லாத, எச்.ஐ.வி. உள்ள 105 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நிலையான வீடும் வழிகாட்ட ஒரு பணியாளரும். மறு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. ஒரு வருடம் கழித்து, உயிரோடும் ஓரளவு நல்ல நோய் எதிர்ப்புச் சக்தியோடும் இருந்தவர்கள் முதல் பிரிவில் 55 சதவீதம், இரண்டாவதில் 34. இது 2009-ல் வெளியானது. அந்த ஆய்வு மாற்றியது மாத்திரையை அல்ல. அவர்கள் இளைஞர்கள் அல்ல, நடுத்தர வயதினர், என்றாலும் பாடம் மாறாது என்றே நினைக்கிறேன். எச்.ஐ.வி. உள்ளவர்களின் வீட்டு வசதிக்கென்றே 1990-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. அதற்குரிய பணம்தான் எப்போதும் பற்றாக்குறை.

மருந்திலும் மாற்றம் வந்திருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தினமும் ஒரு மாத்திரை என்ற தடுப்பு மருந்துக்கு 2012-ல் அனுமதி கிடைத்தது, பதின்பருவத்தினருக்கு 2018-ல். 2021-இன் கடைசியில் இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி வந்தது. 2025 ஜூனில் லெனகாபவிர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. ஏற்கெனவே தொற்று உள்ளவர்களுக்கும் மாத்திரைக்குப் பதிலாக நீண்டகால ஊசி உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் வார்டு 86 கிளினிக் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. வைரஸ் கட்டுக்குள் வந்தவர்களுக்குத்தான் ஊசி என்ற விதியைத் தாண்டி, வீடில்லாமல் மாத்திரை சாப்பிட முடியாதவர்களுக்கும் போட்டுப் பார்த்தார்கள். அப்படித் தொடங்கிய 57 பேரில் ஒரு சிலரைத் தவிர மற்ற எல்லோருக்கும் வைரஸ் கட்டுக்குள் வந்தது. ஊசியைத் திருட முடியாது, பஞ்சு அடைக்கவும் வேண்டாம். ஆனால் ஊசி போடும் நாளை நினைவூட்ட அவருக்கு ஒரு போன் வேண்டும், அந்த போனுக்குச் சார்ஜ் போட ஒரு இடம் வேண்டும்.

வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், பாலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. இதை நிலைநாட்டிய பெரிய ஆய்வுகளில் ஒன்றில், 2011-ல் முடிவு வெளியான அந்த ஒன்பது நாட்டு ஆய்வில், சென்னைத் தம்பதிகளும் இருந்தார்கள். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-ல் சென்னையில் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனம் அதில் பங்கேற்றது. இங்கே இருபது வயதுக் கறுப்பினப் பையனிடம் "நீ யாருக்கும் தொற்றிவிட மாட்டாய்" என்று நான் உறுதியாகச் சொல்வதில் நம்மூர்க்காரர்களின் பங்கும் இருக்கிறது.

இந்தச் செய்தியை யார் சொன்னால் எடுபடும் என்பது தனிக் கேள்வி. வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால் பல நேரம் எடுபடாது. அலி ஃபோர்னி என்று ஒருவர் இருந்தார். பதின்மூன்று வயதிலிருந்து நியூயார்க் தெருக்களில் வாழ்ந்த கறுப்பினத்தவர். தன்னைப் போன்ற பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. தடுப்பு பற்றிச் சொல்லிக்கொடுத்தவர். 1997-ல் ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரில் 2002-ல் தொடங்கிய மையம் இன்றும் வீடில்லாத பால்புதுமைப் பிள்ளைகளுக்கு இடம் தருகிறது. லாஸ் ஏஞ்சலஸில் சமூகப் பணித்துறைப் பேராசிரியர் எரிக் ரைஸும், இந்தியாவில் பிறந்த கணினி அறிவியலாளர் மிலிந்த் தாம்பேயும் இதையே வேறு விதமாக முயன்றார்கள். வீடில்லாத இளைஞர்களின் நட்பு வலையை வரைந்து, யாரிடம் சொன்னால் செய்தி பரவும் என்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தேர்ந்தெடுத்தார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற அந்த ஆய்வில், அப்படித் தேர்ந்தெடுத்த இடத்தில் ஆணுறையில்லா உறவு குறைந்தது. வழக்கம்போல நிறைய நண்பர்கள் உள்ளவரைப் பிடித்துச் சொல்லும் முறை அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. செயற்கை நுண்ணறிவு என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனால் இது உருப்படியான காரியம்.

2025-ல் பால்புதுமையர் உடல்நலம் குறித்த பல ஆய்வுகளுக்கான அரசு மானியங்கள் பாதியில் வெட்டப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில், 988 தற்கொலைத் தடுப்பு எண்ணில் பால்புதுமை இளைஞர்களுக்கென்று இருந்த தனி வழியும் மூடப்பட்டது. பொது எண் இயங்குகிறது.

இந்தப் பிள்ளைகளில் பலரை வீட்டைவிட்டு அனுப்பியது வறுமையும்தான், குடும்பமும்தான். இப்படிப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்த கெய்ட்லின் ரயனின் 2009 ஆய்வில், பெற்றோர் கடுமையாக ஒதுக்கிய பிள்ளைகள், அதிகம் ஒதுக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். பாதுகாப்பில்லாத உறவு 3.4 மடங்கு. ஒதுக்குவது என்றால் அடித்து விரட்டுவது மட்டுமல்ல. "கல்யாணத்துக்கு வா, ஆனா அவனைக் கூட்டிட்டு வராதே" என்பதும் அதில் சேரும்.

தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் எங்களிடம் வருகிறார்கள், அரிதாக. அவர்களிடம் இன்சூரன்ஸ் அட்டை இருக்கும், எடுத்து நீட்ட மாட்டார்கள். 26 வயது வரை பெற்றோரின் இன்சூரன்ஸில் இருக்கலாம் என்பது நல்ல சட்டம்தான், ஆனால் என்ன மருந்து, என்ன பரிசோதனை என்று விவரக் கடிதம் அப்பா பெயருக்கு வீட்டுக்குப் போகும். இதற்கு வழி உண்டு. ரகசியத் தொடர்பு வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் வேறு முகவரிக்கு அனுப்புவார்கள். எங்கள் இல்லினாய் மாநிலத்தில் 12 வயது நிரம்பியவர்கள் பெற்றோர் அனுமதியில்லாமலே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். ஆபத்தான ஒரு சம்பவம் நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் வர வேண்டும், 28 நாள் மருந்து தருவோம். எவ்வளவு சீக்கிரம் வருகிறார்களோ அவ்வளவு நல்லது.

உங்கள் வீட்டுச் சோபாவில் தங்க உங்கள் பிள்ளையின் நண்பர் யாராவது வந்தால், அவர் பெயருக்குக் கடிதம் வர உங்கள் முகவரியைக் கொடுங்கள். அரசு மருத்துவக் காப்பீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க அது உதவும். பூட்டுள்ள ஒரு இழுப்பறையைக் காட்டி, சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள். உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று கேட்க வேண்டாம்.