பாவம் பார்த்து வெட்டாம விட்ட ஸ்ப்ரூஸ் காடு

ஃபின்லாந்துல காட்டுல பாதிக்கு மேல சாதாரண குடும்பங்களோட சொத்து, அப்பா தாத்தா காலத்துல இருந்து கைமாறி வர்றது. அவங்க காட்டைப் பார்த்து எப்ப எதை வெட்டணும்னு சொல்றதுதான் என் வேலை. போன வருஷம் ஒரு பெரியவர் கூட்டிட்டுப் போனார், ஸ்ப்ரூஸ்ங்கற ஊசியிலை மரம் நட்டு பன்னெண்டு வருஷம் ஆச்சாம், நட்டதோட சரி, அப்புறம் உள்ள காலே வைக்கல. ரோட்டுல இருந்து பார்த்தா பச்சைப்பசேல்னு இருக்கு, அவருக்கு அவ்ளோ பெருமை.

உள்ள போனா பூரா பிர்ச், நடாமலே தானா முளைச்சு வர்ற அகல இலை மரம். நாங்க கையில நாலு மீட்டர் கம்பு ஒண்ணு வச்சிருப்போம், சரியா சொன்னா 3.99 மீட்டர், ஒரு இடத்துல நின்னு அதை ஒரு சுத்து சுத்தினா 50 சதுர மீட்டர் வரும், அதுக்குள்ள நிக்கற ஒரு மரம்னா ஹெக்டேருக்கு 200 மரம்னு கணக்கு. எண்ணினேன், 43. அதாவது 8,600. ஸ்ப்ரூஸ் காட்டுக்கு இந்தப் பருவத்துல 1,800ல இருந்து 2,000 தான் வேணும், வட்டத்துக்குள்ள ஒன்பது பத்து மரம், அவ்ளோதான்.

வெட்டின பிர்ச் அடிக்கட்டையில இருந்து கொத்துக்கொத்தா துளிர் விடும், ஸ்ப்ரூஸை விட வேகமா ஏறும், காத்தடிக்கும்போது அதோட கிளை ஸ்ப்ரூஸ் நுனிக்குருத்தை சாட்டை மாதிரி அடிச்சு அடிச்சு உரிச்சுடும். அன்னிக்கு நான் பார்த்ததுல நிறைய மரத்துக்கு நுனியே இல்ல. இன்னும் ஒரு மீட்டர் உயரத்துல இருக்கும்போதே ஒரு தடவை சுத்தம் பண்ணி, மூணு நாலு மீட்டர்ல இன்னொரு தடவை கலைச்சு விட்டிருந்தா இந்த நிலைமையே வந்திருக்காது. நெல்லுல களை எடுக்க ஒரு மாசம் தள்ளிப்போட மாட்டோம்ல, மரம் மெதுவா வளருதுன்னு இங்க பத்து வருஷம் தள்ளிப்போடறாங்க, அதுக்குள்ள தண்டு தடிச்சு வட்ட ரம்பம் போட்ட பிரஷ் கட்டரை வச்சு வெட்டற ஆளுக்கு வேலை எக்கச்சக்கமா ஏறிடுது, கூலியும் ஏறுது.

"நல்லா நிக்கற மரத்தை எப்படிப்பா வெட்டறது"ன்னு அவர் கேட்டப்ப எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா நெருக்கத்துல வளர்ந்த மரம் ஒல்லியா உயரமா போயிடும், குளிர்காலத்துல பனி வந்து தலையில உட்கார்ந்தா வளைஞ்சு ஒடிஞ்சுடும். அதுக்காக இத்தனை வருஷம் விட்டுட்டு ஒரே நாள்ல பாதிக்கு மேல வெட்டித் தள்ளினாலும் மிச்சம் நிக்கறது தாங்காது, அதனால ரெண்டு கட்டமா பண்ணலாம்னு சொன்னேன். பிர்ச்சை மொத்தமா ஒழிக்கவும் வேணாம், ஸ்ப்ரூஸ் செத்துப்போன இடைவெளியில அது நிக்கட்டும், அங்கங்க ஒரு புதரை பறவைங்களுக்கும் விடுங்க.

அடுத்து 12-15 மீட்டர் வந்ததும் ஹார்வெஸ்டர்ங்கற மரம் வெட்டற மெஷினை வச்சு முதல் தின்னிங், அதாவது நெருக்கத்தைக் குறைக்க மரம் கலைக்கறது, ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஆயிரம் மரம் நிக்கும். ஸ்ப்ரூஸ் வேர் ரொம்ப மேலாக ஓடும், மெஷின் ஏறினா தோல் உரிஞ்சுடும், அதனால தரை உறைஞ்சு கல்லு மாதிரி இருக்கும்போது பண்றது நல்லது. கோடையில பண்ணித்தான் ஆகணும்னா அடிக்கட்டை மேல யூரியாவோ, வேரழுகலைத் தடுக்கற வேற ஒரு பூஞ்சை கலந்த மருந்தோ கண்டிப்பா தெளிக்கணும், இல்லன்னா வேரழுகல் பூஞ்சை அந்தப் புது வெட்டு வழியா இறங்கி, வேரோட வேர் தொட்டு, பக்கத்து மரத்துக்கும் போயிடும். மருந்துல கலர் கலந்திருக்கும், அதனால மெஷின் போன பின்னாடியே நடந்து போய் ஒவ்வொரு கட்டையா பாருங்க, கலர் படாத வெள்ளைக் கட்டை நிறைய தெரிஞ்சா அப்பவே ஆப்பரேட்டரை நிறுத்தச் சொல்லுங்க.