சீட்டை ஏற்றச் சொன்னது யார்?

ஞாயிறு காலை ஈ.சி.ஆரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களில் சிலர் செவ்வாய்க்கிழமை என் பிசியோதெரபி மேசைக்கு வந்துவிடுவார்கள். அப்படி வந்த ஒருவர், பணி ஓய்வுக்குப் பிறகு கியர் சைக்கிள் வாங்கியவர். முழங்காலுக்குப் பின்பக்கம் வலி.

"கூட வர்ற பசங்க சீட்டை ஏத்தச் சொன்னாங்க சார். அதுதான் கரெக்டான முறையாம்."

பசங்க சொன்னது பாதி சரி. சீட்டு ரொம்பத் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். இவரோ அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார். பெடலை எட்டுவதற்காக இடுப்பு இரண்டு பக்கமும் ஆடியது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்: சீட்டில் உட்கார்ந்து, அடியில் இருக்கும் பெடல்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீண்டால் போதும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே சற்று மடங்கும். 25 முதல் 35 டிகிரி வரை மடங்கலாம் என்பது பொதுவான கணக்கு. அந்த இடைவெளிக்குள் எது சுகம் என்பது உங்கள் காலுக்குத்தான் தெரியும். இவருக்கு ஒரு விரற்கடை இறக்கினோம்.

நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்க வேண்டும் என்பது அடுத்த உபதேசம். அது பந்தயக்காரர்களின் வழக்கம். நிதானமாகப் போகிறவர் அந்த வேகத்தில் சுற்றினால், காலைச் சுழற்றுவதற்கே மூச்சு செலவாகும். 60, 70 போதும். அதற்காகக் கனமான கியரில் முக்கி முக்கி மிதிக்காதீர்கள், முழங்கால் தாங்காது. ஷூவைப் பூட்டிக்கொள்ளும் க்ளிப் பெடல், இறுக்கமான சட்டை எல்லாம் அவரவர் ஆசை. எங்கள் தெரு பால்காரர் வேட்டியை மடித்துக் கட்டி, ஹவாய் செருப்போடு வருஷக்கணக்கில் மிதிக்கிறார். என்னிடம் ஒருநாளும் வந்ததில்லை. (பேட் வைத்த ஷார்ட்ஸ் வாங்கினால் மட்டும், உள்ளே ஜட்டி வேண்டாம். தையல் உரசிப் புண்ணாகும்.)

மரத்துப்போவதை மட்டும் 'பழகிவிடும்' என்று விடாதீர்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் அடிப்பக்கம் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், பிடியை அடிக்கடி மாற்றுங்கள். தொடையிடுக்கு மரத்தால் சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். சமப்படுத்தியும் தீராவிட்டால் சீட்டையே மாற்ற வேண்டும். ஆண்கள் இதை மூன்றாவது முறை வரும்போதுதான் சொல்கிறார்கள், அதுவும் கதவைச் சாத்திய பிறகு.