தொடாமலேயே அரிக்க வைக்கும் மசுக்குட்டி

கொடியில் காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளை, பத்து மணிக்குள் கழுத்தைச் சொறிந்துகொண்டு திரும்பி வருகிறது. கழுத்து, முழங்கையின் உள்பக்கம், இடுப்பு என்று எங்கும் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பு. சட்டையை உதறிப் பார்த்தால் ஒரு பூச்சியும் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இப்படி நடக்கும்போதெல்லாம் "சாப்பாடு ஒத்துக்கல" என்று முடிவு கட்டிவிடுவார்கள், நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒரு தடவை கொடிக்குப் பின்னால் நின்ற கொய்யா மரத்தை அண்ணாந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இலைக்கு அடியில் மசுக்குட்டிகள் கூட்டமாக இருந்தன, காற்று மரத்திலிருந்து கொடிப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது. புழு எதுவும் சட்டைக்கு வரவில்லை, அதன் மயிர்தான் வந்திருக்கிறது.

மசுக்குட்டி, மயிர்க்கொட்டி, தமிழ்நாட்டுக்காரர்கள் சொல்லும் கம்பளிப்பூச்சி எல்லாமே மயிர் உள்ள எந்தப் புழுவுக்கும் பொதுப்பெயர். அதற்குள் பல குடும்பங்கள் இருக்கின்றன. நான் இங்கே சொல்ல வருவது லைமாண்ட்ரிடே என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட அந்துப்பூச்சிக் குடும்பத்தைப் பற்றி. இப்போது வகைப்பாட்டியலாளர்கள் அதை எரிபிடே என்ற பெரிய குடும்பத்துக்குள் ஒரு துணைக்குடும்பமாகச் சேர்த்துவிட்டார்கள். அந்தத் துணைக்குடும்பத்தில் உலகம் முழுக்கச் சுமார் 2,500 இனங்கள். கிரேக்கத்தில் லைமாண்ட்ரிடே என்ற பெயருக்கு அழிப்பவன் என்று பொருள், இலைகளை மொட்டையடிக்கிற சில இனங்களைப் பார்த்து வைத்த பெயர் அது.

தேயிலை மலையில் இந்தக் கூட்டத்தில் கண்ணில் படுகிற அழகான ஒன்று ஓர்கியா போஸ்டிகா. கொழுந்து எடுப்பவர்கள் நிச்சயம் பார்த்திருப்பார்கள்: சிவந்த தலை, முதுகில் வரிசையாகப் பல் துலக்கும் பிரஷ் மாதிரி நான்கு முடிக்கொத்து, தலைக்கு இரண்டு பக்கமும் கொம்பு போல முன்னால் நீளும் கருப்பு மயிர்க்கற்றை, பின்னால் இன்னொரு கற்றை. பார்த்தாலே கையை இழுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அந்த நீள மயிரெல்லாம் பெரும்பாலும் வேலிதான். எறும்போ, முட்டை வைக்க வரும் சிறு குளவியோ புழுவின் தோலுக்குக் கிட்டப் போக முடியாமல் தள்ளி நிறுத்துகிறது. மயிரின் அடியில் நரம்பும் இருக்கும், அதனால் எதிரி தொட்ட உடனே புழுவுக்குத் தெரிந்துவிடும். சில புழுக்களால் பறந்து வரும் குளவியின் சிறகு காற்றை அசைப்பதைக்கூட மயிரால் உணர முடியும், தொடுவதற்கு முன்பே கிளையிலிருந்து விழுந்து தப்பிவிடும். இந்த ஓர்கியாவைக் கையில் எடுத்தால் சிலருக்கு லேசாக அரிக்கும், அவ்வளவுதான்.

நிஜமான தொல்லை கொடுப்பது யூப்ரொக்டிஸ் என்ற பேரினமும் அதன் உறவுகளும். ஆமணக்கு, ரோஜா, மாதுளை, கொய்யா என்று எதையும் தின்னும் யூப்ரொக்டிஸ் ஃபிரட்டெர்னா இலங்கையிலும் இந்தியாவிலும் சாதாரணமாகக் காணப்படுவது. இந்தப் புழுக்களுக்கும் நீள மயிர் உண்டு, ஆனால் அரிப்பது அதனால் இல்லை. முதுகில் உள்ள சிறு புடைப்புகளில் வெல்வெட் துணி போலத் தெரியும் இடங்கள் இருக்கும், அங்கே நெருக்கமாகக் குத்தி நிற்கின்றன வேறு வகை மயிர்கள். ஒவ்வொன்றும் 0.1 மில்லிமீட்டர் அளவு, வெறும் கண்ணுக்குத் தூசிதான். வளர்ந்த ஒரே புழுவில் லட்சக்கணக்கில் இருக்கலாம். முட்டையிலிருந்து வந்த குட்டிக்கு இவை கிடையாது, சில முறை தோல் உரித்த பிறகே முளைக்கும்.

இந்தக் குட்டி மயிர் உடம்போடு இறுகப் பிடித்திருப்பதில்லை. புழு நெளிந்தாலோ, தோல் உரித்தாலோ, காற்று பலமாக அடித்தாலோ கழன்றுவிடும். ஒரு முனை ஊசி போலக் கூர்மை, பக்கங்களில் நெல் உமியில் இருப்பது போன்ற சிறு கொளுக்கிகள். தோலில் குத்தி நின்றதை நாம் தேய்க்கும்போது அந்தக் கொளுக்கிகள் அதை ஒரே திசையில், உள்ளே உள்ளே தள்ளும். உள்ளே போன மயிரிலிருந்து புரதங்கள் கசிகின்றன, அவற்றில் சில நம் உடலின் புரதங்களையே உடைக்கும் நொதிகள். உடனே உடம்பு ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் பொருளை வெளியிடுகிறது, இரத்தக் குழாய்கள் விரிந்து தோல் சிவந்து தடிக்கிறது. குத்துவதும் புரதமும் சேர்ந்து வேலை செய்வதால்தான் அரிப்பு சில நாள் வரைக்கும்கூட இழுக்கிறது.

தேயிலையில் சுருக்கென்று கொட்டுகிற இன்னொரு புழு உண்டு. பச்சை நிறம், நத்தை போல வழுவழுவென்று ஊரும், உடம்பில் முள் முள்ளாகக் கிளை விட்டிருக்கும். அது லிமகோடிடே என்ற வேறு குடும்பம். அதன் முள் குழாய் போல உள்ளே வெறுமையானது, அடியில் நஞ்சு இருக்கும், காஞ்சோண்டிச் செடி பட்டது போலத் தொட்ட கணமே எரியும். மசுக்குட்டி மயிரோ கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். எரிந்ததா அரித்ததா, உடனேயா தாமதமாகவா என்று கேட்டாலே பெரும்பாலும் எது பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கு ஆச்சரியம் தந்தது இந்த மயிரின் ஆயுள். கூடு கட்டும்போது புழு தன் மயிரையும் பட்டோடு சேர்த்துப் பின்னிவிடும். யூப்ரொக்டிஸ் கூட்டத்தில் பெண் அந்து கூட்டைவிட்டு வெளியே வரும்போது அந்த மயிர் அதன் வயிற்று நுனியில் உள்ள முடிக்குஞ்சத்தில் ஒட்டிக்கொள்ளும், முட்டையிட்டதும் அதே குஞ்சத்து முடியால் முட்டைக் குவியலை மூடிவிடும். புழுவாக இருந்தபோது முளைத்த ஆயுதம் அடுத்த தலைமுறையின் முட்டைக்குப் போர்வையாகிறது! அதனால் புழு இல்லாத நாளிலும் பழைய கூட்டைப் பிய்த்தாலோ விளக்கைச் சுற்றும் மஞ்சள் அந்தைக் கையால் நசுக்கினாலோ அரிக்கும். புழு செத்த பிறகும் மயிரின் நஞ்சு சீக்கிரம் போகாது. ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த யூப்ரொக்டிஸ் கிரிசொரியாவின் மயிர், உதிர்ந்து ஒரு வருஷத்துக்கு மேலானாலும் மனிதருக்கு அரிப்பைத் தருகிறது. மழை பெய்தால் ஈரத்தில் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், காய்ந்து காற்றடித்தால் மறுபடி கிளம்பும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பண்டாரவளை, பதுளைப் பக்கம் வறண்ட காற்று வீசும்போது கொடித் துணியைக் கவனமாக உதறச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

சரி, பட்டுவிட்டால் என்ன செய்வது? எங்கள் அப்பாயி சாம்பலைப் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுவார், பாசத்தோடு செய்ததுதான், ஆனால் கொளுக்கி மயிர் எப்படி நகர்கிறது என்று தெரிந்த பிறகு நான் அதை யாருக்கும் சொல்வதில்லை. தேய்க்காமல், சொறியாமல், ஒட்டும் டேப்பை மெதுவாக ஒட்டி ஒட்டி எடுத்தால் மயிர் டேப்போடு வந்துவிடும். அப்புறம் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும், உடுப்பைத் தனியாகத் துவைக்க வேண்டும். கண்ணில் விழுந்தால் கசக்கவே கூடாது, தண்ணீரால் கழுவிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூச்சு இழுத்தாலும் அப்படித்தான். கவ்வாத்து வெட்டப் போகிறவர்கள் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வது நல்லது.

இவ்வளவு மயிர் இருந்தும் இவற்றைத் தின்ன ஆள் உண்டு. சுடலைக்குயில் மயிர்ப்புழுவை விரும்பித் தின்னும் பறவை. குயில் இனங்களில் இரைப்பையின் உள்சவ்வில் குத்திச் சேரும் மயிரைப் பறவை அவ்வப்போது உருண்டையாகக் கக்கிவிடும். அப்புறம் ஒட்டுண்ணிக் குளவிகள். குளவி என்றதும் மலையில் எல்லோருக்கும் பயம் வரும், எத்தனை பேர் குளவி கொட்டி இறந்திருக்கிறார்கள்! ஆனால் இது எறும்பு அளவு, ஆளை ஒன்றும் செய்யாது, புழுவுக்குள் முட்டை வைத்து அதை உள்ளிருந்தே தின்னும். இந்தச் சின்னக் குளவிகளின் மதிப்பு இலங்கைத் தேயிலைக்கு நன்றாகத் தெரியும். 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து அப்படி ஒன்றைக் கொண்டுவந்து விட்டுத்தான் தேயிலை இலையைச் சுருட்டும் புழுவை அடக்கினார்கள். பின்னால் கிளையைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தபோது அந்தக் குளவி செத்து, சுருட்டுப் புழு மறுபடி பெருகியது. மசுக்குட்டி ஒன்றிரண்டைக் கண்டதும் மருந்துக் குப்பியைத் தேடுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஓர்கியாவுக்குத் திரும்பி வருகிறேன். அதன் பெண் அந்துக்குச் சிறகே கிடையாது, பெயருக்கு இரண்டு துணுக்கு மட்டும். கூட்டைவிட்டு வெளியே வந்து அதன்மேலேயே உட்கார்ந்திருக்கும். வாயும் வேலை செய்யாது, புழுவாக இருந்தபோது தின்ற தேயிலை இலைதான் அதன் மொத்த இருப்பு. ஒரு வாசனையை மட்டும் காற்றில் விடும், சீப்பு போன்ற உணர்கொம்பால் அதை மோப்பம் பிடித்து ஆண் பறந்து வரும். அப்புறம் அந்தக் கூட்டின் மேலேயே நூற்றுக்கணக்கில் முட்டை வைத்துவிட்டு, பிறந்த தூரை விட்டு ஓர் அடிகூட நகராமல் செத்துப்போகும். மலை மாறுவது குட்டிகளின் வேலை. முட்டையிலிருந்து வந்ததும் கொழுந்து நுனிக்கு ஏறி, ஒரு பட்டு நூலை விட்டுத் தொங்கும். உடம்பெல்லாம் நீண்ட மயிர், எடையோ இல்லவே இல்லை. காற்று வந்தால் நூலோடு கிளம்பி அடுத்த நிரையிலோ அடுத்த மலையிலோ போய் இறங்கிக்கொள்ளும்.